ஏழு மணிப் பாட்டு

என்னங்க,

கிறிஸ்துமஸ் கேக்குடன் பக்கத்து வீட்டுக்குப் போனேன். இந்த வருடமாவது இயேசுவைப் பற்றிச் சொல்லிவிட நினைத்தேன்.

அந்த வீட்டுத் தையல்காரி சிரித்தாள். “அதான் உங்க வீட்டுச் சுவரே பத்து வருஷமா சொல்லுதேக்கா! பாட்டை ஏன் நிறுத்திட்டீங்க? ஏழு மணிக்கு அது கேட்டாத்தான் படுத்த படுக்கையா இருக்கற எங்கம்மா சாப்பிட வாய் திறப்பாங்க. இப்ப ரெண்டு வாய்க்கு மேல இறங்கல.”

நீங்கள் என்னோடு சண்டையிட்டுப் பெட்டியோடு போனதைச் சொல்லாமல், “அவர் வெளியூர்ல இருக்கார்” என்றேன்.

நம் ஜெபத்தில் எப்போதும் நீங்கள்தான் பாட்டெடுப்பீர்கள், நான் சேர்ந்துகொள்வேன். இன்று ஏழு மணிக்குச் சுவரருகே நின்றேன். வார்த்தைகள் தெரியும், குரல்தான் எழும்பவில்லை. அந்தப் பக்கம் கரண்டி கிண்ணத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது.

நீங்கள் வர வேண்டாம். நாளை ஏழுக்கு, ஃபோனிலாவது முதல் வரியை எடுத்துக் கொடுங்கள்.

பின்பாட்டு மட்டும் தெரிந்தவள்