உள்ளே யாரும் இல்லை

புக்கிட் ரம்பாய், மலாக்கா

அன்புள்ள அம்மாவுக்கு அனுசியா வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி தேவலையா? என் பாப்பா என்னைத் தேடாமல் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரு வேடிக்கை. தொழிற்சாலைக்குள் இருப்பவர்களின் பெயர்களைக் காட்டும் திரையைக் கவனிப்பதுதானே என் வேலை? நேற்று மாலை, நான் உள்ளே இருக்கும்போதே, "உள்ளே யாரும் இல்லை" என்று காட்டியது. என் பெயரை நானே ஏற்றினேன். வந்து, கண்ணெதிரே மறைந்தது. வாசலில் அதே திரையைப் பார்த்த காவலாளி வஹீது மாமா விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிவிட்டார். நான் தட்டியதும் திறந்து, "நீ உள்ளயா இருந்தே? யாரும் இல்லனு காட்டுச்சே லா!" என்று சிரித்தார். ஆனால் கிட்டே வரவில்லை.

வீடியோவில் பேசும்போது பாப்பாவும் எனக்குப் பின்னால் யாரையோ பார்த்துத்தான் சிரிக்கிறாள். என் பழைய பூப்போட்ட பாத்தேக் சட்டையைத் துவைக்காமல், என் வாசத்தோடு அவள் தலையணைமேல் போடுங்கள். துவைத்திருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது.

அனுசியா