நாணல்மேட்டுத் தகரக் கொட்டகைகளில் அடைக்கப்பட்ட காற்றுவழி

அனுப்புநர்:
ஆ. அமலா, க/பெ. ஆரோக்கியராஜ்,
தற்காலிகக் குடியிருப்பு, நாணல்மேடு,
திருவெண்ணெய்நல்லூர் வட்டம்,
விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: தகரக் கொட்டகைகளில் அடைக்கப்பட்ட காற்றுவழிகளைக் கத்திரி வெயில் தொடங்குமுன் திறக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பெண்ணையாற்று வெள்ளத்தில் வீடிழந்த நாங்கள், நிரந்தர வீடு கிடைக்கும்வரை நாணல்மேட்டில் தகரக் கொட்டகைகளில் வசிக்கிறோம். கரும்பு வெட்டுவது எங்கள் தொழில். கொட்டகைகளுக்கு ஜன்னல் கிடையாது. கதவு மேற்குப் பார்த்தது. பிற்பகலில் அதைத் திறந்தால் வெயில்தான் உள்ளே வரும்.

2. சென்ற கோடையில் தாங்க முடியாமல், என் கணவரும் மற்ற ஆண்களும் தென்புறச் சுவரில் தரையையொட்டியும், வடபுறம் கூரைக்குக் கீழேயும் தகரத்தை வெட்டித் திறப்பு வைத்தார்கள். கூரைமேல் சவுக்குக் கழி பரப்பி, தகரத்தில் படாமல் தென்னங்கீற்று வேய்ந்தார்கள். கீழே நுழைந்த காற்று சூட்டைத் தள்ளிக்கொண்டு மேலே வெளியேறியது. பகலில் பிள்ளைகள் உள்ளேயே தூங்கினார்கள்.

3. இந்தப் பங்குனியில் பராமரிப்பு என்று ஒப்பந்ததாரரின் ஆட்கள் வந்து கீற்றைப் பிரித்தெறிந்தார்கள். திறப்புகள்மேல் புதுத் தகரம் வைத்து ஆணி அடித்து இறுக்கினார்கள். காரணம் கேட்டதற்கு அவர்களுடைய மேற்பார்வையாளர், "கீத்து தீப்புடிக்கும். ஓட்டையும் ஒடசலுமா கெடந்தா பாக்க வர்றவங்க என்னா நெனப்பாங்க? பேஜாரு பண்ணாதம்மா" என்றார். இனி தகரத்தில் கை வைப்பவர் பெயர் நிரந்தர வீட்டுப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும் என்றும் சொல்லிச் சென்றார். அதன்பின் யாரும் கை வைக்கவில்லை.

4. பக்கத்துக் கொட்டகை சவுரியம்மாள் பக்கவாதத்தில் படுத்திருந்தவர். அவர் மகள் பிரபாவதி, நாய் நுழையாதிருக்கக் கதவைச் சாத்திவிட்டு வெட்டுக்குப் போவார். சென்ற வாரம் மதியம் அவர் திரும்பியபோது தாய்க்கு நினைவில்லை. உடம்பில் வியர்வையே இல்லை. தொட்ட கை சுட்டது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. ஆஸ்பத்திரியில் முதுமையால் இறந்ததாக எழுதிக்கொண்டார்கள். "எங்கம்மா கூப்ட்டுக்கினே இருந்திருக்கும்க்கா, அந்தத் தகரத்துக்குள்ள யாருக்குக் கேக்கும்?" என்று பிரபாவதி இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

5. இப்போது என் நாத்தனார் இளவரசி, அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்று எங்கள் கொட்டகையில் இருக்கிறாள். தையல் ஆறாததால், மற்றவர்கள் பகலில் ஒதுங்கும் ஏரிக்கரை மரத்தடிக்கு அவளால் நடந்துபோக முடியாது. மின்விசிறி அனலைத்தான் சுற்றுகிறது. மின்சாரம் நின்றால் கொளுத்தி வைக்கும் மெழுகுவத்தியின் சுடர் அசையாமல் நிற்கிறது. பிறந்ததிலிருந்து விடாமல் அழுத குழந்தை இரண்டு நாளாக அழவில்லை. பாலும் சரியாகக் குடிப்பதில்லை. சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பார்த்து மருந்து கொடுத்த நர்ஸம்மா, "காத்தோட்டமான எடத்துல வெச்சிருங்க, சூடு ஆவாது" என்று அனுப்பினார். எங்களுக்கு வேறு இடம் இல்லை ஐயா. அதே கொட்டகையில்தான் கொண்டுபோய்க் கிடத்தியிருக்கிறோம்.

6. ஆகவே, எல்லாக் கொட்டகைகளிலும் இருபுறமும் திறப்பு வைக்க உத்தரவிடவும், கீற்றுக்குத் தீ பயம் உண்டென்றால் கூரைமேல் சுண்ணாம்பாவது அடித்துத் தரவும், சவுரியம்மாள் இறந்த காரணத்தை விசாரிக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

7. மனுக்களுக்கு முறைப்படி நாளாகும் என்பது எனக்குத் தெரியும். குழந்தைக்கு அத்தனை நாள் இருக்கிறதா என்று தெரியவில்லை. எனவே இன்று இம்மனுவைக் கொடுத்துவிட்டு, கடைத்தெருவில் தகரம் வெட்டும் கத்தரி வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறேன். எங்கள் கொட்டகைச் சுவரை நானே வெட்டப்போகிறேன். இது என் கணவருக்கும் தெரியாது. வீட்டுப் பட்டியலில் ஒரு பெயரை அடிக்க வேண்டுமென்றால் என் பெயரை அடிக்கட்டும். மற்றவர்களைத் தொட வேண்டாம். ஆனால் தங்கள் அலுவலர் ஒருவரை உச்சிவேளையில் அனுப்பி, வெட்டாத கொட்டகை ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு சற்றுநேரம் உட்காரச் சொல்லுங்கள்.

இடம்: விழுப்புரம்
நாள்: 27.04.2026

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ஆ. அமலா