அரிசி ஊறும் நேரம்

அம்மா, இன்று காலை இட்லிக்கு அரிசி களைந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். நம் எதிர்வீட்டு மகேஸ்வரியின் மகள் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் சிங்கப்பூரில் வேலைக்குச் சேரப் போகிறாள். "அத்த, மதுரையில இருந்து மூவாயிரம் கிலோமீட்டராம், நாலு மணி நேரமாம். அவ்வளவுதானா?" என்றாள். என் கை தண்ணீரிலேயே நின்றுவிட்டது.

இருபது வருடத்துக்கு முன்னால் நான் அங்கே வேலைக்குக் கிளம்பியபோது நீ இதையேதான் கேட்டாய். நானும் நாலு மணி நேரம் என்றேன். பொய் இல்லை, உன் முகம் தெளியட்டும் என்று பறக்கும் நேரத்தை மட்டும் சொன்னேன். ஊருக்கு வரும்போதெல்லாம் விமானத்தில் உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகுதான் உன்னைக் கூப்பிடுவேன். "ஏறிட்டேம்மா." உனக்குப் பயணம் அங்கேதான் தொடங்கும். போனை வைத்ததும் அரிசியை ஊறப்போடுவாய்.

"மெட்ராசுல இருக்கவன் ராத்திரி பூரா ரயில்ல குலுங்கிட்டு வரணும். எம்மவ அரிசி ஊறதுக்குள்ள மதுரையில நிப்பா" என்று தெருவெல்லாம் சொல்லுவாய்.

"எக்கா, ஒம்மவ இருக்கது சிங்கப்பூரா, பக்கத்துப் புளியங்குடியா?" என்று சித்தி சிரிப்பாள். நானும் சிரித்தேன். திருத்தவில்லை.

கடைசியில் மூச்சிரைப்போடு நீ படுத்திருந்த மூன்று நாளும் எனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று சித்தி தவித்திருக்கிறாள். நீ விடவில்லை. "அவ வேலையக் கெடுக்காத. நாலு மணி நேரந்தானே, ரொம்ப முடியலேன்னா சொல்லிக்கிடலாம்." மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குத்தான் எனக்குச் சித்தியின் போன் வந்தது. அது முடிந்ததும், அரிசியை ஊறப்போடு என்று சித்தியிடம் சொன்னாயாம்.

மதுரைக்கு நேராக வரும் விமானத்தில் இடமில்லை. சென்னை வழியாகத்தான் கிடைத்தது. பதினோரு மணி வாக்கில், "எங்கன வந்திருப்பா?" என்று கேட்டிருக்கிறாய். "மதுரையில எறங்கிட்டாக்கா" என்றாளாம் சித்தி. நீ தலையசைத்தாயாம். அதற்குமேல் பேச்சில்லை. அப்போது நான் சிங்கப்பூர் விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

நான் வந்து சேர்ந்தபோது ராத்திரி பத்து மணி ஆகியிருந்தது. யாரும் ஆட்டாமல் விட்ட அரிசியின் புளித்த வாடை வாசல்வரை வந்தது. உன் முகத்தைப் பார்க்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

நிம்மதியாகத்தான் போனாய் என்கிறாள் சித்தி. நான் நம்பவில்லை. போனவர்களுக்குக் கடிதம் எழுதுவதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இதை வேறு யாரிடம் சொல்வது?

அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "பறக்கதுதான் நாலு மணி நேரம். சேதி கேட்டு, டிக்கெட் எடுத்து, ஒங்க வீட்டு வாசலுக்கு வர பதினஞ்சு மணி நேரம் ஆகும். அம்மாட்ட அதையே சொல்லு."

"அய்யோ அத்த, அவ அனுப்பவே மாட்டா."

"அனுப்புவாடி. அனுப்பிட்டு, சும்மா காய்ச்சல்னாலும் முதல் நாளே ஒன்னக் கூப்பிடுவா."

அவள் போன பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு மணி நேரம் ஆனதும் அரிசியைக் கிரைண்டரில் போட்டேன். அதற்குமேல் ஒரு நிமிடமும் ஊறவிட இன்றுவரை எனக்கு மனம் வந்ததில்லை, அம்மா.