ஊசிக்கும் உண்டு சுத்து

என் அன்பு மச்சான் மாரிமுத்துவுக்கு,

எனக்கு எழுத்து தெரியாதுன்னு உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுறது உன் மக செல்வி. கொட்டகலையில டீச்சரா இருக்கா. உனக்கு வந்த அதே கட்டி இப்ப அவ கழுத்துலயும் வந்திருக்கு. அதே ஊசியத்தான் போடணுமாம். கூட்டிக்கிட்டுப் போகப் போறது நான்தான். எனக்கோ அந்த ஊசி மேல இன்னமும் நம்பிக்கை இல்ல.

பாண் ரொட்டிக்கு வரிசையில நின்ன காலத்துல உன்னையும் கொழும்புக்கு ரயில் ஏத்திக்கிட்டுப் போனேனே. அங்க ஆஸ்பத்திரியில இருந்த தமிழ் நர்ஸ் மிஸ்ஸி சொன்னது அப்படியே காதுல இருக்கு. "ஐயா, கட்டிங்கிறது கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களோட கூட்டம். ஒவ்வொண்ணும் பெருத்து, இன்னொண்ணுக்கு வேண்டியத உள்ளுக்குள்ள தயார் பண்ணி, அப்புறம் ரெண்டாப் பிரியும். இந்த மருந்து அது பிரியிற நேரத்துலதான் பிடிச்சு நிறுத்தும். இன்னொரு மருந்து தயார் பண்ற நேரத்துலயே கெடுத்துரும். தூங்குற அணு தப்பிச்சிரும். அது முழிச்சதும் திரும்பப் போடணும்."

நீ விடுவியா? "தூங்குறவன எழுப்பி அடிக்கத் தெரியாத மருந்தா மிஸ்ஸி?"ன்னே. வார்டே சிரிச்சுச்சு.

சுடுகாட்டு மல்லிச் செடியில இருந்து எடுக்கிற மருந்துன்னு அவங்க சொன்னப்போ யாரும் சிரிக்கல. பொதைச்ச எடத்துல பூக்கிறத உசுரோட இருக்கிறவனுக்கு எதுக்கு ஏத்துறாங்க? உன் முடி கொத்துக் கொத்தாக் கொட்டினப்போ, முடி வேரும் ஓயாமப் பிரியுதாம், அதான் அதுக்கும் அடியாம். பிரஜாவுரிமை இல்லாத தேயிலைத் தோட்டத்து ஆளு, இவன் மேல போட்டுப் பார்ப்போம்னு நெனச்சாங்களோ?

கட்டி கரைஞ்சுச்சு. "காணாமப் போனதுக்கு எதுக்கு மச்சான் ஊசி? ஏமாத்துறானுங்க"ன்னு நீ நிறுத்திட்டே.

நீ கொழுந்துக் கங்காணி. மழை பேஞ்சாலும் ஒரு சுத்து கொழுந்தெடுப்பு தவறினா மலையே அதிர ஏசுவே. இன்னைக்கு எடுத்த செடியில உறங்குற மொட்டு அடுத்த சுத்துக்கு எந்திரிக்கும்னு பொம்பளைங்களுக்குச் சொன்ன ஆளு. உன் கழுத்துக்கு மட்டும் அந்தச் சுத்து வேணாம்னு எப்படி மச்சான் நெனச்சே? மறுபடி வந்த கட்டி அந்த ஊசிக்கே அடங்காம உன்னையே கொண்டு போயிருச்சே.

செல்வி பேனாவ வச்சுட்டுக் கேக்குறா: "மாமா, நானும் அப்பா மாதிரி நிறுத்திருவேன்னு பயமா? இல்ல, மருந்தே கொன்னுரும்னு பயமா?"

"ரெண்டும்தான்டி. எழுது."

குப்பியில இருக்கிறது என்ன, எதுக்குன்னு ஒவ்வொரு தடவையும் கேப்பேன் மச்சான். டாக்டர் மூஞ்சியச் சுளிச்சாலும் கேப்பேன். ஆனா கட்டி கரைஞ்சாலும், இவ முரண்டு பிடிச்சாலும், ஒரு ஊசியும் தவற விடமாட்டேன். சந்தேகத்த லயத்து வீட்டுல விட்டுட்டுப் போக எனக்கு வராது. அதுவும் எங்களோட ரயில் ஏறட்டும்.

உன் பொண்டாட்டிக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
ராமையா