மார்ட்டின் டி

5.2.2006, ஞாயிறு
பனி. அம்மருட் ஸ்டேஷன் படிகளில் பனி உருக யாரும் உப்புப் போடவில்லை. பூசைக்குப் போகையில் வழுக்கி, முழங்கால் நோவு.

பூசை முடிந்து கோப்பி. மறுபடியும் அந்தக் கனடாக்காரி. மார்ட்டீன். கியூபெக் பக்கம், வீட்டில் பிரெஞ்சு. நோர்வேக்காரக் கணவன் விட்டுப் போய்விட்டானாம். இப்போது பரம்பரையைத் தேடுகிறாள். கிடைத்த பெயர்களைக் கொம்பியூட்டரில் ஏற்றிக் கொடுப்பது என் புருஷன். எங்கள் வீட்டுக் குழாய் சொட்டுவதைப் பார்க்க நேரமில்லை.

தாளை மேசை முழுக்க விரித்தாள். பாட்டனுக்குப் பாட்டன், அவனுக்கும் பாட்டன். எனக்கு எரிந்தது. எங்களுக்கு அப்பப்பாவின் அப்பா பெயரே சந்தேகம்.

"அவையின்டை ஊரிலை கலியாணம் கட்டினாலும் பொம்பிளையின்டை பேர் மாறாதாம்." இவர்தான் சொன்னார், தானே கண்டுபிடித்த மாதிரி. என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் இருந்தது, பிரான்சிஸ். கலியாணத்தோடு போய்விட்டது. இப்போது டொக்டரிடம் இவர் பெயரில் "அமலதாஸ்" என்று கூப்பிட்டால் நான் இவரைத் தேடுகிறேன்.

7.2, செவ்வாய்
வேலையால் வர ஆறு மணி. இவர் அறைக்குள், போனில், நோர்வே மொழியில். கதவு சாத்தி. இடையில் தெளிவாக, "மார்ட்டீன்டி." சிரிப்பு. திரும்பவும், "மார்ட்டீன்டி."

சோறு அடிப்பிடித்துவிட்டது.

கட்டிய நாளிலிருந்து எனக்கு "நீர்", "உமக்கு". கோபம் வந்தாலும் "இஞ்சேரும்". அவளுக்கு டி. எங்கள் ஆட்களில் ஒரு ஆம்பிளை டி போட்டால் ஒன்று சண்டை, இல்லாவிட்டால் மற்றது. சண்டையில் சிரிக்க மாட்டார்கள். அவளுக்குத் தமிழும் படிப்பித்திருக்கிறார்.

8.2, புதன்
குறொன்லாண்ட் தமிழ்க்கடை. முருங்கைக்காய், அரிசி மா, கருவாடு.
அந்தக் கனடாக்காரி: மூக்கு நீளம். தலைக்குச் சாயம். என்னிலும் வயது கூட. கை மட்டும் வடிவு.

ரஜனியைக் கடையில் கண்டு சொன்னேன். "சும்மா விடாதையடி, கேள்" என்றாள். அவள் டி போடலாம், ஒரே வகுப்பில் படித்தவள்.

9.2, வியாழன்
சாப்பிடும்போது கேட்டுவிட்டேன்.

"அவளை டி போட்டுக் கதைக்கிறியள் என்ன?"

"ஆரை?"

"மார்ட்டீன்டி, மார்ட்டீன்டி எண்டு. என்ரை காதாலை கேட்டனான்."

யோசித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கோப்பையால் எறியலாம் போல இருந்தது.

அவளுடைய முன்னோரில் ஒருவன் மார்ட்டின், பட்டாளத்துக்காரன். பட்டாளத்தில் ஆளுக்கொரு பட்டப்பெயர். இவனுக்கு "மார்ட்டின் டி சான்சூசி". சான்சூசி என்றால் கவலையில்லாதவன். பிள்ளைகளில் பாதிப்பேர் மார்ட்டின் ஆகி, மீதிப்பேர் சான்சூசி ஆகிவிட்டார்களாம். அதுதான் தேடக் கரைச்சல்.

"அப்ப டி எண்டால்?"

"பிரெஞ்சிலை 'என்கிற'. கலியாணக் கார்ட்டிலை செல்வராணி என்கிற ராணி எண்டு போடுறேல்லையே, அது."

நம்பினேன். வெட்கம். அத்தோடு விட்டிருக்கலாம், இவர் விடவில்லை.

"உமக்கென்ன விசரே? உம்மையே ஒருநாளும் டி எண்டு கூப்பிடாதவன், அவவைக் கூப்பிடுவனோ?"

"அதுதானே எனக்குக் கோபம்" என்றேன்.

இவருக்கு விளங்கவில்லை. "அது மரியாதையில்லை" என்றார்.

"மரியாதை எனக்கு வேலையிடத்திலை கிடைக்குது."

எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவினார். என்னுடையதையும்.

10.2, வெள்ளி
அவள் போன் எடுத்தாள். இவர் என் முன்னாலேயே இருந்து கதைத்தார், ஒவ்வொரு டி வரும்போதும் என்னைப் பார்த்துக்கொண்டு. பொறாமை குறையவில்லை. செத்துப்போன பட்டாளத்துக்காரனுக்கும் டி கிடைக்கிறது.

13.2, திங்கள்
மழை, பனி கரைந்து சேறு. பின்னேரம் இவரிடமிருந்து போன், ஸ்டோவ்னர் கடையிலிருந்து. "இஞ்சேரும்" என்று தொடங்கி நிறுத்தினார். சுற்றிவர ஆட்களின் சத்தம். செருமினார்.

"பால்... பால் வாங்கோணுமோடி?"

குளிர்பெட்டியில் இரண்டு பெட்டி இருக்கிறது. வாங்குங்கோ என்றேன்.