ஊசி மாட்டவில்லை

1.5.77, ஞாயிறு

விடியற்காலை முதல் மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை. என் வீட்டுக்காரி சரசு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டாள். வாரம் முழுக்க மரமும் வாளியுமாக அலைகிறவள், தூங்கட்டும்.

எங்கள் லயத்து வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் போலிருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்ததை எல்லாம் வெளியே இழுத்தேன். பழைய பெல்ட், டைனமோ, அவளுடைய தையல் மெஷினின் கால். ஜெர்மன்காரர் விட்டுப்போன பெட்டி. மூன்று மாதமாகத் திறக்கவே இல்லை.

ரப்பர் பாலைச் சுழற்றித் தண்ணீரைப் பிரிக்கும் புது மெஷினை ஆலையில் பூட்ட வந்தவர். ஐந்து மாதமும் டீ குடிக்க என் எஞ்சின் அறைக்குத்தான் வருவார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சி ரூசாவுக்குப் போய்க் கடலில் கிடந்துவிட்டுச் சிவந்து திரும்புவார். போகும்போது விமானத்தில் எடை கூடுகிறது என்று பெட்டியை என் தலையில் கட்டிவிட்டார். "எஞ்சின் பாகுஸ், இனி பூன் பாகுஸ்." எஞ்சினும் நல்லது, இதுவும் நல்லது. அவருக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான்.

உள்ளே பதினொரு இசைத்தட்டு. பெயர் ஒன்றும் படிக்க முடியவில்லை. அட்டைப் படத்தை வைத்துத் தட்டுக்கு எண் போட்டுக் குறித்துக்கொள்கிறேன்.

த.1 பனி, வேலி. ஆள் இல்லை.
த.2 தாடிக்காரர் நால்வர், சமையலறையில்.
த.3 டிராக்டர் சீட்டில் ஒரு முட்டை. ஏன்?
த.4 கறுப்பு. ஒன்றுமே இல்லை.
த.5 ஈரத்தில் அட்டை ஒட்டிவிட்டது. என் தப்பு.
த.6 வட்டத்துக்குள் வட்டம். பார்த்தால் குமட்டுகிறது.
த.7 வயல் நடுவில் கரண்டுக் கம்பம்.
மீதி பிறகு.

மாலை ஆறு மணிக்கு எஞ்சினை ஓட்டி லயத்துக்குக் கரண்டு கொடுத்துவிட்டு ஓடிவந்து என் ரிக்கார்டு செட்டில் த.1 போட்டேன். காற்றுச் சத்தம். பிறகு மணி. பிறகு யாரோ குழாயடியில் குளிப்பது போல. பாட்டு வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். பக்கம் முடிந்துவிட்டது. பாட்டு வரவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து, ஆட்களை மேய்க்கும் மண்டோர் குப்புசாமி: "என்னாண்ணே, ஸ்டேஷன் கெடைக்கலயா?"

ஆத்திரம் ஜெர்மன்காரர் மேல். டீயெல்லாம் வீண்.

4.5, புதன்

வெயில். எஞ்சினுக்கு ஆயில் மாற்றினேன். கை நாற்றம் இன்னும் போகவில்லை.

த.2: ஒருவன் கத்துகிறான், மற்றவர்கள் கண்டுகொள்ளவில்லை. த.3: மோசமில்லை. த.4: கிட்டார் பின்பக்கமாக ஓடுகிறது. செட்தான் கெட்டுவிட்டது என்று மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன். கெடவில்லை. அவர்கள் வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள்!

த.7, பக்கம் 1. இதை எப்படி எழுதுவது. ஒரு மேளக்காரன் ஆரம்பிக்கிறான். நிறுத்தவே இல்லை. இருபத்தொரு நிமிடம், ஆலைக் கடிகாரத்தோடு சரிபார்த்த கைக்கடிகாரத்தில் பார்த்தேன். வேகம் கூடவில்லை, குறையவில்லை, ஒரு மயிரிழை பிசகவில்லை. நன்றாகச் சீர் செய்த எஞ்சின் ஓடுவது மாதிரி. மேலே வேறு சத்தங்கள் வருகின்றன, போகின்றன. அவன் பாட்டுக்கு ஓடுகிறான். இருபத்திரண்டு வருடம் எஞ்சின் பக்கத்தில் நின்றவன் நான். எனக்குள்ளே ஓடுவதை எவனோ ஒருவன் பனி தேசத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறான். கண் கலங்கிவிட்டது. எழுத வெட்கமாக இருக்கிறது.

பதினைந்தாவது நிமிடம் குப்புசாமி வாசல்படி தாண்டி உள்ளே வந்தார். "ஊசி மாட்டிக்கிச்சிண்ணே, நீங்க தூங்கிட்டீங்க போல." விரலை நீட்டிக்கொண்டே வருகிறார். பாய்ந்து கையைப் பிடித்தேன்.

இந்த எஸ்டேட்டில் இது ஒரு வழக்கம். தட்டு கீறி, பாடியதையே பாடினால், பக்கத்தில் யார் இருந்தாலும் ஊசியை ஒரு தள்ளு தள்ளிவிடலாம். கேட்க வேண்டியதில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற மாதிரி அதுவும் ஒரு தொண்டு. பதினைந்து வருடமாகக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் செட் போடுகிறேன், நானே அப்படித்தான் பழக்கிவிட்டேன். ஆனால் இது மாட்டவில்லை. மாட்டவில்லை என்று நான்கு முறை சொன்னேன். "சரிண்ணே, சரிண்ணே" என்று பைத்தியத்திடம் பேசுவது போல் பேசிவிட்டுப் போனார்.

சரசு: "சோறு ஆறுது."

8.5, ஞாயிறு

பஸ்ஸில் சிரம்பான். த.7ஐத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா பலகாரத் தட்டு என்று நினைத்துச் சிரித்தார்.

அங்கே ரஹாங்கில் கனகசபை வீடு. நம் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணியாக இருந்து பென்ஷன் வாங்கியவர், யாழ்ப்பாணத்துக்காரர், கர்நாடக சங்கீதம் தெரிந்தவர். அவர் வீட்டு செட்டில் இரண்டு ஸ்பீக்கர். அப்போதுதான் தெரிந்தது, த.7ல் ஒரு சத்தம் ஜன்னலிலிருந்து கிளம்பி அலமாரிக்குப் போய் மறுபடி ஜன்னலுக்கு வருகிறது! மேளம் மட்டும் நடுவில், அசையாமல். என் குழாய் ஸ்பீக்கரில் இது எதுவும் தெரியாது. பறந்துகொண்டிருந்தேன்.

ஏழாவது நிமிடம் அவர்: "உதென்ன ஆறுமுகம், ஊசி இறுகிட்டுது போல கிடக்கு."

இவருமா.

இறுகவில்லை, அப்படித்தான் வாசிக்கிறார்கள் என்றேன். பத்தாவது நிமிடம் அவரே எழுந்து ஊசியைத் தூக்கிவிட்டார். "குறை நினையாதையும். உம்மட காது எஞ்சினோட போயிட்டுது. உமக்கு எல்லாம் ஒரே சத்தம்தான்."

வடையைத் தின்றுவிட்டுக் கிளம்பினேன். வடையும் உப்பு. என் காதைச் சொல்கிறாரா? வால்வு ஒன்று லேசாகத் தளர்ந்தால் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் நின்றே சொல்லிவிடுவேன், எந்த வால்வு என்று. தாளம் தப்பினால் முகம் சுளிக்கிற மனிதர், தப்பாமல் வாசிக்கிறவனைக் கண்டால் ஊசி இறுகிவிட்டது என்கிறார். பஸ்ஸில் வழி முழுக்க மனதுக்குள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து சரசுவிடம் மிச்சத்தையும் சொன்னேன். த.7 ஓட ஓடச் சொன்னேன்.

எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். இந்த ஊரில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், இதை முழுதாகக் கேட்டுவிட்டு இதில் என்ன இருக்கிறது என்று சொன்னால் போதும். தனியாகவே கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

15.5, ஞாயிறு

புழுக்கம். கோயில் கமிட்டிக் கூட்டம். குப்புசாமி பொருளாளர். போன வருடத் திருவிழாவில் இரண்டு நடிகர் கட்சிக்காரர்களும், உன் ஆள் பாட்டு ஏழு, என் ஆள் பாட்டு ஐந்து என்று நாற்காலியைத் தூக்கியதால் இந்த வருடம் சினிமாப் பாட்டே கிடையாது என்று முடிவு. சாமி பாட்டு மட்டும்.

என்னிடம் சாமி பாட்டுத் தட்டு ஆறுதான் இருக்கிறது என்றேன். "ஆறையே திருப்பித் திருப்பிப் போடுங்கண்ணே." அதையே திருப்பிப் போட்டால் பக்தி. த.7 போட்டால் ஊசி மாட்டிக்கொண்டது. நல்ல நியாயம்.

த.9 (பாட்டி மாதிரி வேஷம் போட்ட ஆண்): குப்பை. த.11: பொக்கிஷம், த.7க்கு அடுத்தபடி.

துண்டு ஒன்று புதிது வாங்க வேண்டும்.

22.5, ஞாயிறு, திருவிழா

எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்று பகலிலும் எஞ்சின், மேனேஜர் அனுமதி. காலை ஆறிலிருந்து ஆறு தட்டையும் மூன்று சுற்றுப் போட்டேன். பதினொரு மணிக்குப் பால்குடம் ஆற்றங்கரையிலிருந்து வர வேண்டும். வழியில் யாருக்கோ அருள் வந்து உட்கார்ந்துவிட்டார்களாம், இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். எல்லாரும் வெயிலில் சோர்ந்து நிற்கிறார்கள். நாலாவது சுற்றா? என்னாலேயே முடியவில்லை.

யோசித்துப் பார்த்தேன். த.7ல் வார்த்தை இல்லை. சினிமா இல்லை. எந்த நடிகனும் இல்லை. யாரும் சண்டைக்கு வர முடியாது. மேளம் சாமிக்கு ஆகாதா? சத்தத்தைக் குறைத்துப் போட்டேன்.

முதல் நான்கு நிமிடம் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் ஆடின. பிறகு ஆரம்பித்தது. சர்பத் கடைக்காரர் கரண்டியோடு ஓடி வருகிறார். "ஊசி, ஊசி." தமிழ்ப்பள்ளி வாத்தியார் வருகிறார். "மாட்டிக்கிச்சிலா, பாருங்கலா." முகம் தெரியாத வெளி எஸ்டேட்டுக்காரன் ஒருவன் வருகிறான். கோழிக்குஞ்சைக் காப்பது போல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். மாட்டவில்லை. போங்கள். மாட்டவில்லை.

வாசல் பக்கத்து ஸ்பீக்கர் கரகரத்தது. ஒயர் தளர்ந்திருக்கிறது. இரண்டே நிமிடம். ஏணியில் ஏறி ஒயரைக் கையில் பிடித்திருக்கும்போது, தலைக்குப் பக்கத்திலேயே, தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

அதன் பிறகு நிசப்தம். கூட்டம் மொத்தமும் "அப்பாடா" என்றது. நான் என் காதால் கேட்டேன்.

குப்புசாமி செட் பக்கத்தில், கட்டைவிரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு நிற்கிறார். "சரி பண்ணிட்டேண்ணே. ரொம்ப அழுத்தமா மாட்டியிருந்திச்சி."

ஊசி ஓடிய இடத்திலிருந்து நடு வரை ஒரே கோடு. நகம் இறங்குகிற ஆழம்.

பால்குடம் வந்ததா, பூசை எப்படி நடந்தது, தெரியாது.

23.5, திங்கள்

கோயில் தலைவரிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் கோயிலுக்கு என் செட் கிடையாது. "ஒரு தட்டுக்காகவாய்யா?" என்றார். ஆமாம், ஒரு தட்டுக்காகத்தான்.

காது இல்லாதவர்கள்:
குப்புசாமி.
கனகசபை. சங்கீதமாம்.
வாத்தியார்.
சர்பத் கடை.
அப்பாடா என்ற அத்தனை பேரும்.
சரசு. கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. என்ன ஓடினாலும் கீரை ஆய்வாள்.

மாலையில் குப்புசாமி வந்தார், கையில் புதுத் தட்டு. சினிமாப் பாட்டு. சிரம்பானுக்கு ஆள் அனுப்பி வாங்கினாராம். "கோவிச்சிக்காதீங்கண்ணே. அது பழசு, எப்படியும் போயிருக்கும். இது மாட்டாது." நல்ல மனிதர், அதுதான் இன்னும் எரிகிறது. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வாங்கி அடுக்கின் மேல் போட்டேன். பிரிக்கவில்லை.

அவர் போன பிறகு சரசுவிடம் இரைந்தேன். ஒரு ஊர் முழுக்கச் செவிடு, இதில் திருவிழா வேறு என்று. அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "கீரைல பூச்சி," என்றாள்.

25.5, புதன்

மழை. பல்வலி. த.7ஐ எடுக்கவில்லை. பார்க்கவே பிடிக்கவில்லை.

27.5, வெள்ளி

ஆறு மணிக்கு எஞ்சினை ஓட்டினேன். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன், மீட்டர் தெரியவில்லை. திரும்பி நடந்தேன். லயத்து வாசலுக்குப் பத்தடி இருக்கும்போதே கேட்டது. த.7.

வாசலிலேயே நின்றுவிட்டேன். சரசு செட்டுக்குப் பக்கத்தில் அரிவாள்மணையில் உட்கார்ந்து பூசணி நறுக்குகிறாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை. மேளம் ஓடுகிறது. கீறல் வந்தது. டக். டக். டக். நிஜமாகவே மாட்டிக்கொண்டது. அவள் தலையைத் தூக்கினாள். கையை முந்தானையில் துடைத்தாள். ஊசியைத் தள்ளவில்லை, சுண்டுவிரலால் தூக்கி ஒரு நூல் தள்ளி வைத்தாள். மேளம் மறுபடி ஓடியது. பூசணிக்குத் திரும்பினாள்.

உள்ளே போனேன்.

"என்னா பண்றே?"

"மாட்டிக்கிச்சி. தூக்கி வச்சேன்."

"மாட்டிக்கிச்சின்னு உனக்கு எப்படித் தெரியும்? எல்லாருக்கும்தான் அது எப்பவும் மாட்டுன மாதிரி கேக்குது."

"அந்த ஆளு எட்டாவது அடிய மட்டும் கொஞ்சம் பிந்திப் போடுவான்ல. அது வரலைன்னா மாட்டிக்கிச்சின்னு அர்த்தம்."

பிந்தியா? மயிரிழை பிசகாத எஞ்சின் என்று நான்தான் எழுதி வைத்திருக்கிறேன். முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். பிந்தவெல்லாம் மாட்டான் என்றேன்.

"பிந்துவான். பாலு வெட்டுறப்ப அடுத்த மரத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு நிப்போமே, அந்த மாதிரி. அந்த மூச்சுக்காகத்தான் நான் கேக்குறதே."

எனக்கு வந்த கோபம். மூன்று வாரத்துக்கு மேல்! நான் ரஹாங் வரை போய் அவமானப்பட்டேன், திருவிழாவில் கை விரித்து நின்றேன், ஒரே ஒருத்தர் போதும் என்று இங்கே எழுதியும் வைத்தேன். அந்த ஒருத்தி நாலடி தூரத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறாள். ஏண்டி சொல்லவில்லை என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

"நீங்க எங்க பேச விட்டீங்க? தட்ட வச்ச ஒடனே ஊர்ல இருக்கிறவங்கள ஒவ்வொருத்தரா இழுத்து வச்சித் திட்டுறீங்க. அது முடியிற வரைக்கும் திட்டுறீங்க. பாதி எனக்குக் கேக்கவே கேக்காது. அதான் நீங்க எஞ்சினுக்குப் போனப்பறம் போட்டுக்கிறது."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் ஊசியை எடுத்து முதலிலிருந்து வைத்தாள். பேசாமல் கேட்டேன். பிந்தித்தான் அடிக்கிறான்.