ஒற்றைத் தும்மல்

நவம்பர் 12, புதன்

விடியலிலிருந்து தூறல். துவைத்த துணி எதுவும் காயவில்லை. ப்ளஸ் டூ வணிகவியல் விடைத்தாள் பாதிதான் திருத்தியிருக்கிறேன். கூட்டாண்மை என்றால் என்ன என்ற கேள்விக்கு ஒருத்தி, "இரண்டு பேர் சேர்ந்து நஷ்டப்படுவது" என்று எழுதியிருக்கிறாள். மதிப்பெண் போடாமல் விட மனசு வரவில்லை.

பால் போச்சு. அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவரிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால், பால் பொங்கி வற்றி, பாத்திரம் கரிந்து, வீடு முழுக்கத் தீய்ந்த வாடை. இவர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பரில் ராசிபலன். நன்றாகக் கேட்டுவிட்டேன். பாத்திரத்தை அவரே தேய்த்து வைத்தார், அதுதான் ஆச்சரியம்.

சாயங்காலம் சேகர் வந்தார். கொழுந்தன், கடையில் இவரோடு பங்கு. வடக்கே போன ஏலக்காய் லோடு திரும்பி வருகிறதாம், காயில் புகை வாடை என்று. அண்ணன் மோந்து பார்த்து எடுத்த காயில் எப்படி வாடை வரும் என்று என்னிடம் புலம்பல். இவர் லாரித் தார்ப்பாயைக் குறை சொன்னார். சேகருக்கும் அதுதான் சரியாகப் பட்டது. இவர் மூக்கைச் சந்தேகப்பட்டவர் போடியில் யாரும் கிடையாது. தட்டில் வைத்த சாம்பிளை அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்து இவர் சரி என்றால், காயைக் கண்ணால் பார்க்காத வியாபாரியும் வாங்குவார். கடையே அந்த மூக்கில்தான் ஓடுகிறது.

வெள்ளிக்கிழமை கார் எடுக்கிறோம். இத்தனை வருஷமும் எஸ்டேட்டுக்குப் போக ஜீப்பும் பைக்கும்தான். புரட்டாசியில் குரங்கணி ரோட்டில் நனைந்து வந்து பத்து நாள் காய்ச்சலில் கிடந்தார். அதற்குப் பிறகுதான் கார் பேச்சு. இப்போது தினமும் ஒரு தடவையாவது போனில் வண்டியின் படத்தைப் பெரிசு பண்ணிப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

நவம்பர் 13, வியாழன்

மழை விட்டது, வெயில் இல்லை. பூ, எலுமிச்சை, தேங்காய், சூடம் வாங்கியாயிற்று. மாலைக்கு அளவு தெரியாமல் பூக்காரம்மா, "காருக்குன்னா சாமி மால போதுமா, கலியாண மால வேணுமா?" என்றாள்.

அபி பெங்களூரிலிருந்து போன். வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், டயர் எந்த வாரம் செய்தது என்று பார்க்க வேண்டும், மிதியடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும், எலுமிச்சம்பழம் நசுக்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். பழத்தின் மேல் டயர் ஏறிவிட்டால் வண்டி நம்முடையது, அப்புறம் கதவே கழன்று விழுந்தாலும் நம் குடும்பத்தில் யாரும் திருப்பித் தரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். என் மகள்.

இவர் பக்கத்திலிருந்து கேட்டுச் சிரித்தார். மூட்டையின் வாயை மட்டும் பார்த்து வாங்குகிற ஆளா நான் என்றார். அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே திமிர்.

நவம்பர் 14, வெள்ளி

எழுதக் கை ஓடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பள்ளிக்கு லீவு. தேனிக்கு நாங்கள் இருவரும் சேகரும். ராகு காலத்துக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று சேகர் பரபரப்பு. ஷோரூமில் கீர்த்தனா என்ற பெண்தான் எல்லாம் கவனித்தாள், நல்ல பெண், சிரித்த முகம். வண்டிக்குப் பட்டுத் துணி போர்த்தி ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். இவர் துணியை விலக்கச் சொல்லி, வெளியே வெளிச்சத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே. கதவு ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தடவினார். பெயிண்டைச் சாய்ந்து நின்று பார்த்தார். டயரில் எண் படித்தார். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் வெளியே எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தார். விளக்கு, வைப்பர், ஹாரன், கண்ணாடி ஏற்றி இறக்கி. பின் பம்பரில் நகக்கண் அளவு கீறல் கண்டுபிடித்து, கீர்த்தனாவைக் கூப்பிட்டுக் காட்டியபோது இவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் ஆள் விட்டுப் பாலிஷ் போடச் சொன்னாள். சேகர் கொஞ்சம் தள்ளி நின்று திரும்பி வரும் லோடு விஷயமாகப் போனில்.

கடைசியாக இவர் முன் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார். ஏல மையத்தில் இழுப்பாரே, அதே மாதிரி. வெளியே வந்து, "புது வண்டி வாசனை. அருமை" என்றார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியில் தொங்கிய செண்ட் அட்டையின் எலுமிச்சை வாசனை. அதற்கு அடியில் மக்கின வாடை. லேசாக இல்லை, குப்பென்று. குனிந்து மிதியடியைத் தூக்கினேன். கீழே கம்பளம் கருத்து, அமுக்கினால் விரலில் தண்ணீர்.

அவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். இதே இடத்தில்தானே இப்போது தலையை விட்டார். தீய்ந்த பால், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. திரும்பி வரும் லோடு. காய்ச்சலுக்குப் பிறகு குழம்பைப் பற்றி நல்லதும் சொல்லாமல் கெட்டதும் சொல்லாமல் சாப்பிடுவது. இந்த மனுஷனுக்கு மூக்கு இல்லை. பயந்துபோனேன்.

அதற்குள் ஒருவர் டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். சேகர் போனை வைத்துவிட்டு, நானும் ஏறிப் பார்க்கிறேன் மதினி என்று வருகிறார். சேகருக்குக் காய் எடுக்கத் தெரியாவிட்டாலும் மூக்கு இருக்கிறது. இந்த வாடையை அண்ணன் அருமை என்றார் என்று தெரிந்தால், திரும்பி வரும் லோடுக்குத் தார்ப்பாய் காரணமில்லை என்பதும் அந்த நிமிஷமே தெரிந்துவிடும். கடையில் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். அப்புறம் இவரிடம் யார் காய் எடுக்கச் சொல்வார்கள்?

தும்மினேன். ஒரே ஒரு தும்மல், ஷோரூம் அதிர.

எங்கள் பக்கம் ஒற்றைத் தும்மல் விழுந்தால் செருப்பு மாட்டியவர்கள்கூடக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் அதைக் கேலி செய்தே பேர் வாங்கினவள். இறங்கி, கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து நின்றுகொண்டேன். சகுனம் சரியில்லை, இந்த வண்டி வேண்டாம், இதே மாதிரி வேறு வண்டி கொண்டுவரட்டும் என்றேன். சேகர் வாயைப் பிளந்தார்.

"மதினி, நீங்களா இதச் சொல்றது?"

"ஆமா, நாந்தான். மனசுக்குச் சரியாப் படல."

தண்ணீர் குடியுங்கள், இன்னொரு தேங்காய் உடைக்கலாம் என்று ஆளாளுக்குச் சமாதானம். நான் மசியவில்லை. இவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்க்க முடியாமல் கீர்த்தனாவைத் தனியாக வண்டிக்கு மறுபக்கம் கூட்டிப்போய், அந்தப் பக்கக் கதவைத் திறந்து கம்பளத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. யார்டில் மழையில் நின்ற வண்டி, எங்கேயோ ஒழுகியிருக்கிறது மேடம், இதை யாருக்கும் கொடுக்க விடமாட்டேன், அடுத்த வாரம் வேறு வண்டி என்றாள். சாரிடம் சொல்லவா என்று கேட்டாள். சொல்ல வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, நல்ல பெண்.

பஸ்சில் போடி வந்தோம். மாலை இவர் மடியில்.

நவம்பர் 15, சனி

பேச்சு இல்லை. சாப்பாடு உண்டு.

சேகர் குடும்பக் குரூப்பில் ஒரு தும்மல் படம் போட்டிருக்கிறார். நாத்தனார் அதற்கு, "எங்க மதினி திருந்திட்டாங்க" என்று பதில். அபி போன் பண்ணி, உனக்கு என்னம்மா ஆச்சு என்று கத்தினாள். அவளிடமும் சொல்லவில்லை. ஒரே நாளில் ஊரிலேயே பெரிய மூடநம்பிக்கைக்காரி ஆகிவிட்டேன். திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் எப்படி உட்காரப் போகிறேன்?

அவர் கோபம் நியாயம்தான். ஆசைப்பட்ட வண்டியைக் காரணமில்லாமல் கெடுத்தவள் நான், அவர் கணக்கில். உண்மையைச் சொன்னால் என் மேல் உள்ள கோபம் போய்விடும். அவருக்கு என்ன மிஞ்சும் என்றுதான் தெரியவில்லை. ரசத்தில் இன்று பெருங்காயம் போட மறந்துவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

நவம்பர் 16, ஞாயிறு

நல்ல வெயில். மெத்தையெல்லாம் மாடியில் காயப்போட்டோம். இவரும் தூக்கிக்கொடுத்தார். மெத்தையைத் தட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தத் தும்மல் நெசமா?"

"இல்ல."

"பெறகு?"

"காலு வைக்கிற எடத்துல கம்பளம் நனைஞ்சு மக்கிப்போய்க் கெடந்துச்சுங்க. கதவத் தொறந்ததுமே வாடை."

தட்டுவதை நிறுத்திவிட்டார். என்ன மாதிரி வாடை என்றார். நனைந்த சாக்கு மாதிரி என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். குடோன் வாசலில் நின்றே உள்ளே ஒரு சாக்கு நனைந்திருக்கிறது என்று சொல்லுகிற ஆள்.

"நனைஞ்ச சாக்கு" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அப்புறம் மெத்தை மேல் உட்கார்ந்து சொன்னார். மோப்பம் காய்ச்சலோடு போனது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்தாராம். வியாபாரியைப் பார்க்கப் போகிறேன் என்று மதுரைக்குப் போனது டாக்டரைப் பார்க்க. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றாராம் டாக்டர். இத்தனை நாளும் நிறத்தைப் பார்த்து, கையில் குலுக்கிச் சத்தத்தைக் கேட்டு, தெரிந்த எஸ்டேட் காயாகப் பார்த்து எடுத்திருக்கிறார். மூக்கருகே கொண்டுபோய் மூச்சை இழுப்பது சும்மா, சுற்றி நிற்பவர்களுக்காக.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னிடம்கூடவா? அப்புறம் அவர் கையைப் பார்த்தேன், மெத்தை நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கோபம் போய்விட்டது. அவர் மோந்தது நடிப்பு, நான் தும்மியது நடிப்பு. ஜோடிப் பொருத்தத்துக்குக் குறைச்சல் இல்லை.

சேகரிடம் சொல்ல வேண்டாம் என்றார். சரி என்றேன்.

நவம்பர் 17, திங்கள்

ஸ்டாஃப் ரூமில் தும்மல் கதை எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. சிரித்துவைத்தேன்.

இரண்டாம் பீரியட் கூட்டாண்மைப் பாடம். பங்குதாரர் ஒருவர் மற்றவரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று போர்டில் எழுதிவிட்டு, சாக்பீஸைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். சேகருக்கும் இரண்டு பெண்கள், கடையைத் தவிர வேறு எதுவும் இல்லை. இன்னொரு லோடு திரும்பினால் அவருக்கும்தான் அடி. வீட்டில் இதைச் சொன்னேன். எனக்குத் தெரியாதா என்றார்.

கீர்த்தனா போன். வண்டி வந்துவிட்டது, வியாழன் வரலாம். வெண்டைக்காய் வாங்க வேண்டும்.

நவம்பர் 20, வியாழன்

மறுபடி மூன்று பேரும் தேனிக்கு. லேசான தூறல். நல்ல நேரம் பார்க்கட்டுமா என்று சேகர் என்னிடம் கேட்டார், கிண்டல்.

வண்டி வெளியே தயாராக நின்றது. கீர்த்தனா மிதியடிகளை அவளே எடுத்து வைத்திருந்தாள். இவர் போன தடவை மாதிரியே சுற்றி வந்தார். தடவினார், சாய்ந்து பார்த்தார், டயரில் எண் படித்தார், ஒன்றும் விடவில்லை. முன் கதவைத் திறந்தார். தலையை உள்ளே விடவில்லை. திரும்பினார்.

"சேகரு, நீ ஏறி மோந்து பாரு. எனக்கு மூக்கு செத்துப்போச்சுடா."

சேகர் முதலில் சிரித்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. எலுமிச்சம்பழத்தோடு வந்தவரைக் கீர்த்தனா கையைக் காட்டித் தள்ளி நிற்கச் சொன்னாள். சேகர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினார். முன்னால் குனிந்து மோந்தார், பின் சீட்டில் ஏறி மோந்தார், டிக்கியில் தலையை விட்டு மோந்தார். மறுபடி முன்னால் வந்து முழங்காலில் உட்கார்ந்து கம்பளத்தில் மூக்கை வைத்தார். இறங்கினபோது கண் சிவந்திருந்தது.

"நல்லாருக்குண்ணே."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"அப்ப இனிமே காயும் நீயே பாரு. நெறத்த, கையில எடுத்துப் பாக்குறத நாஞ் சொல்லித்தர்றேன். மூக்கு உன்னோடது."

சேகர் தலையை ஆட்டினார். பழத்தின் மேல் வண்டியை ஏற்றியது இவர்தான்.

திரும்பும்போது இவர் ஓட்டினார், நான் பக்கத்தில். பின்னால் சேகர் போனைப் பார்ப்பதுபோல் குனிந்தே இருந்தார். கொஞ்ச தூரம் போனதும் இவர் கண்ணாடியை இறக்கச் சொன்னார். என்ன வாசனை வருது என்று கேட்டார். புரோட்டாக் கல், எண்ணெய் காய்ந்துவிட்டது என்றேன். கோடாங்கிபட்டி தாண்டி மறுபடி கேட்டார். நனைந்த மண், சாணி, எங்கேயோ செங்கல் சூளைப் புகை. இது? வாழைத்தோப்பு, பூ உதிர்ந்து அழுகியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினார். எனக்குக்கூட உற்சாகமாகிவிட்டது, அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தேன்.

போடிக்குள் நுழைந்தோம். குடோன் தெருவில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள், மழைக்கு வாசனை தெரு முழுக்க நின்றது. இவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.